பதினொரு நீலக் கைகள்

உயரம் ஒரு திறமை அல்ல. இந்தச் சின்ன உண்மையைக் கண்டுபிடிக்க எனக்கு இருபத்திரண்டு வருடங்களும் ஒரு நீலப் பனியனும் தேவைப்பட்டன.

என் உயரம் ஆறடி இரண்டு அங்குலம். எங்கள் குடும்பத்தில் முன்னும் பின்னும் யாருக்கும் இல்லாத உயரம். அப்பா ஐந்தடி நாலங்குலம், அம்மா அவர் தோளுக்குக் கீழே. சொந்தத்தில் ஒரு கல்யாணம் காட்சி என்றால் பரண் மேலிருந்து அண்டா இறக்க என்னைத்தான் கூப்பிடுவார்கள். இறக்கியதோடு என் வேலை முடிந்துவிடும். நானும் நிம்மதியாகப் பந்திக்குப் போய்விடுவேன். என் வாழ்க்கை அந்த அளவிலேயே நின்றிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை.

எட்டாம் வகுப்பில் ஒருநாள் காலைப் பிரார்த்தனையின்போது பி.டி. மாஸ்டர் பின்னாலிருந்து வந்து என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். நான் செங்கல் மேல் ஏறி நின்று வேடிக்கை பார்ப்பதாக நினைத்துவிட்டார். தரையில்தான் நிற்கிறேன் என்று தெரிந்ததும் அடித்த கையாலேயே தடவிக்கொடுத்து, "சாயங்காலம் பாஸ்கெட்பால் ஆட வாடா" என்றார். என் விளையாட்டு வாழ்க்கை இப்படி ஒரு அறையில் தொடங்கியது.

போனேன். பந்து என் கைக்கு வந்தால் நிற்காது. கூடைக்கு எறிந்தால் கூடைக்குப் போகாது. சரி, இவ்வளவு உயரமாக இருக்கிறானே, குதித்துப் பந்தையாவது பிடிப்பான் என்று எதிர்பார்த்தார்கள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு குதித்தால் என் காலுக்கும் தரைக்கும் நடுவே ஒரு தினசரிப் பேப்பரை நுழைக்கலாம். (ஞாயிற்றுக்கிழமைப் பேப்பர் நுழையாது. பக்கம் அதிகம்.)

அப்படியானால் எட்டு வருடம் எப்படி ஆடினாய் என்று கேட்பீர்கள். அதைத்தான் சொல்ல வருகிறேன். இத்தனை நாள் வீட்டுக்குள் மட்டும் சொல்லிக்கொண்டிருந்ததை இப்போது ஊருக்கே சொல்கிறேன்.

நான் குதிக்கத் தேவையில்லை, எதிராளி குதிக்காமல் இருந்தால் போதும். இதை ஒன்பதாம் வகுப்பிலேயே கண்டுபிடித்துவிட்டேன். கூடைக்குக் கீழே இரண்டு பேர் பந்துக்காக நிற்கும்போது பார்க்கிறவர்கள் எல்லாரும் அண்ணாந்து பந்தைத்தான் பார்ப்பார்கள். ரெஃப்ரியும் மனிதர்தானே, அவரும் அண்ணாந்துதான் பார்ப்பார். அந்த நேரத்தில் எதிராளியின் இடுப்பில் கையை வைத்து லேசாக அழுத்தினால் போதும், அவன் எழும்ப மாட்டான். கொஞ்சம் பலசாலியாக இருந்தால் அவன் டவுசர் எலாஸ்டிக்கை இரண்டு விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். எந்த ஆண்பிள்ளையும் ஒரு பந்துக்காக டவுசரை விட்டுக்கொடுக்க மாட்டான். பந்து தானாக இறங்கி என் கையில் விழும். கூட்டம் கைதட்டும். "பையன் எப்படிக் குதிக்கிறான் பார்" என்று சொல்வார்கள்.

இந்த இரண்டு விரலை வைத்துக்கொண்டு பள்ளி அணி, கல்லூரி அணி, மாவட்ட அணி என்று ஏறிவிட்டேன். கோப்பைகளை அடுக்க அம்மா சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒரு பலகை அடித்து வைத்தாள்.

எண்பதுகளின் கடைசி அது. பாஸ்கெட்பால் ஆடிப் பிழைப்பது என்றால் அன்றைக்கு அதற்கு ஒரே ஒரு வழிதான் உண்டு. பெரிய பெரிய அலுவலகங்கள் தங்களுக்கென்று ஒரு அணி வைத்திருப்பார்கள். அதில் சேர்த்துக்கொண்டால் கிளார்க் வேலை. காலையில் போய்க் கையெழுத்து, மத்தியானத்துக்குமேல் மைதானம். டோர்னமென்ட்டுக்கு ரயிலில் ஊர் ஊராகப் போகலாம். முழங்கால் தேய்கிற வயதில் ஒரு பதவி உயர்வு கொடுத்து நாற்காலியில் உட்கார்த்திவிடுவார்கள். பிறகு பென்ஷன். கோயமுத்தூரில் அப்படிப்பட்ட ஒரு பெரிய அலுவலகத்திலிருந்து எனக்குக் கடிதம் வந்தது. ஒரே ஒரு இடம். கூடைக்குக் கீழே நின்று ஆடுகிற ஆள் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை நடக்கிற தேர்வு ஆட்டத்துக்கு, வெள்ளையில் ஒன்றும் அடர்நிறத்தில் ஒன்றுமாக இரண்டு பனியன்களோடு வரவும்.

அப்பா கடிதத்தை எழுத்தெழுத்தாகப் படித்தார். அவர் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். காலையிலிருந்து இருட்டும்வரை நின்றுகொண்டே துணி வெட்டுகிறவர். கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஷிப்டுக்குப் போனார். சாயங்காலம் திரும்பி வருவதற்குள் எங்கள் வீதியில் கடிதத்தைப் படிக்காத ஆள் இல்லை. உட்கார்ந்து பார்க்கிற வேலைக்கு மகன் போகப்போகிறான் என்பதை அவர் வாயால் சொல்லவில்லை, தபாலாகக் காட்டிவிட்டு வந்தார்.

எனக்கோ இரண்டு மனது. ஆசை ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். ஆட்டம் போய்விடுமோ என்ற பயம் இல்லை. ஆட்டம் ஜெயித்துவிட்டால் முப்பத்தைந்து வருடம் இந்த இரண்டு விரலை ஒளித்துவைத்துக்கொண்டே சம்பளம் வாங்க வேண்டுமே என்ற பயம். கிடைக்காவிட்டால் அப்பா முகத்தைப் பார்க்க முடியாது. கிடைத்தால் என் முகத்தை நானே பார்க்க முடியாது. இந்த லட்சணத்தில்தான் பனியன் விவகாரம் வந்து சேர்ந்தது.

என் தாய்மாமன் ஈஸ்வரன் எங்கள் ஊரை ஒட்டிய நெருப்பெரிச்சல் என்ற இடத்தில் சின்னதாக ஒரு பனியன் யூனிட் வைத்திருந்தார். பத்துப் பன்னிரண்டு தையல் மெஷின். நான் கல்லூரி முடித்ததிலிருந்து அங்கேதான் மேற்பார்வை என்ற பெயரில் நின்றுகொண்டிருந்தேன். (மேலிருந்து பார்ப்பதால் மேற்பார்வை.) நல்ல விளையாட்டுப் பனியன் இரண்டு கடையில் வாங்கிக்கொள்ளலாம் என்று மாமாவிடம் தெரியாத்தனமாகச் சொல்லிவிட்டேன்.

"என்ன சொன்னே?" என்றார் மாமா. "கடையிலயா? பனியனா? ஏஞ் சாமி, ஊரு உலகமெல்லாம் நாம தெச்சதப் போட்டுட்டுத் திரியுது. என்ற மாப்பிள்ளை கடையில பனியன் வாங்குனான்னு வெளிய தெரிஞ்சா நான் எப்படீங் கண்ணு பஸ் ஸ்டாண்டுல நிக்கறது?"

அவர் சொன்னது நியாயம்தான். எங்கள் ஊரில் காசு கொடுத்துப் பனியன் வாங்குவது என்பது சொந்தக் கிணற்றை வைத்துக்கொண்டு பக்கத்துத் தோட்டத்தில் தண்ணீர் கேட்பது மாதிரி. கைக்குழந்தையிலிருந்து கிழவர்வரை ஏற்றுமதியில் கழித்துவிட்ட பீஸைத்தான் போடுவோம். ஆகவே மாமா யூனிட்டிலேயே தைப்பது என்று முடிவாயிற்று. வெள்ளைத் துணி வேண்டிய மட்டும் இருந்தது. அடர்நிறத்துக்கு எந்தத் துணி என்று பார்க்கப் போனேன். மூலையில் ஒரு ரோல் தனியாகச் சாத்தி வைத்திருந்தது. பளபளவென்று கருநீலம். பார்த்ததும் மனது போய்விட்டது.

"அத எடுக்காதீங்க மச்சா" என்று ஒரு குரல் வந்தது. மாமாவின் மகள் வசந்தா. பள்ளிப் படிப்பு முடித்துவிட்டு யூனிட்டில் துணியின் குறை கண்டுபிடிக்கிற செக்கிங் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பேருக்குத்தான் மேற்பார்வை, உண்மையில் பார்த்தது அவள்தான். "அது சாயப் பட்டறையில சரியா அலசாம அனுப்பிச்ச துணிங்க. வெள்ளத் துணியோட சேத்துச் சுடுதண்ணியில போட்டுப் பாத்தேன். வெள்ள பூரா நீலமாப் போச்சு. திருப்பி அனுப்பத்தான் வெச்சிருக்கறேன்."

எனக்கு இது தெரியாத விஷயமே இல்லை. அந்த ரோலைத் திருப்பி அனுப்பச் சொல்லிச் சீட்டு எழுதியதே நான்தான். காரணம் என்ற இடத்தில் 'சாயம் நிற்கவில்லை' என்று என் கையால் எழுதிக் கீழே கையெழுத்தும் போட்டிருந்தேன். ஆனாலும் இருபத்திரண்டு வயதுப் புத்தி வேலை செய்தது.

"துவைச்சாத்தானே சாயம் போகும்?" என்றேன். "நான் என்ன அதத் துவைக்கவா போறேன்? போட்டுட்டு ஆடத்தானே போறேன்."

வசந்தா என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். என் உயரத்துக்கு அது கொஞ்ச நேரம் பிடிக்கிற வேலை. "சரீங்க மச்சா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். கொங்குநாட்டில் பெண்கள் அவ்வளவு மரியாதையாகச் 'சரீங்க' என்று சொன்னால் உடனே விஷயத்தைக் கைவிட்டுவிட வேண்டும். எனக்கு அப்போது அது தெரியாது.

ரோலிலிருந்து ஒன்றரை மீட்டரை நானே கிழித்து அப்பாவிடம் கொடுத்தேன். எந்த ரோல் என்று சொல்லவில்லை. அவர் தன் வாழ்நாளில் எனக்காகத் தனியாக வெட்டிய ஒரே உடுப்பு அதுதான். மார்பை இரண்டு தடவை அளந்தார். தையல் பிசிறில்லாமல் வந்தது. முதுகில் ஏழாம் எண். போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றேன். அந்தக் கண்ணாடியில் என் தலை தெரியாது, கழுத்துக்குக் கீழேதான் தெரியும். அந்த அளவுக்கு மிகவும் நன்றாக இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா, மாமா, நான் மூவரும் பஸ் பிடித்துக் கோயமுத்தூர் போனோம். மாமா வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் பெண் பார்க்கப் போகிறவர் மாதிரி வந்திருந்தார். சிமென்ட் மைதானம். சித்திரை வெயில். மத்தியானம் மூன்று மணி. பத்துப் பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கம் அடர்நிறம், இன்னொரு பக்கம் வெள்ளை என்றார்கள். நான் அடர்நிறம். தேர்வு செய்கிறவர்கள் மூன்று பேர் நாற்காலி போட்டு நிழலில் உட்கார்ந்தார்கள். விசில் ஊதியவர் ஆரோக்கியசாமி என்ற நரைத்த மீசைக்காரர், பழைய ஆட்டக்காரர். அந்த இடத்துக்கு எனக்குப் போட்டி ஒரே ஒருவன், வெள்ளைப் பக்கத்தில் இருந்த ஜெபராஜ். தூத்துக்குடிப் பையன். என்னைவிட மூன்று அங்குலம் குள்ளம். ஆனால் குதித்தான் என்றால் அவன் இறங்கி வருவதற்குள் ஒரு டீ குடித்துவிடலாம்.

ஆட்டம் தொடங்கியது. ஜெபராஜ் முதல் தடவை எழும்பியபோது என் கை அவன் இடுப்புக்குத் தானாகப் போயிற்று. பந்து என்னிடம் வந்தது. இரண்டாவது தடவை எலாஸ்டிக். பந்து என்னிடம் வந்தது. அவன் திரும்பி முறைத்தான்.

"என்னலே, புடிக்க?"

"நானுங்களா? இல்லீங்களே" என்றேன். மரியாதைக்கு எங்கள் பக்கம் குறைச்சலே கிடையாது.

"சார், இவன் புடிக்கான் சார்!" என்று கத்தினான். ஆரோக்கியசாமி சார் கேட்கவில்லை. நாற்காலிக்காரர்களில் ஒருவர் என்னைக் காட்டிப் பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ சொல்லித் தலையாட்டினார். தூரத்தில் வேலியோரம், எல்லா ஆட்டத்திலும் போல முகத்தை இறுக்கிக்கொண்டு அப்பா நின்றிருந்தார். நான் அவர் பக்கம் பார்க்காமல் திரும்பிக்கொண்டேன், ஆனாலும் விரல் தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருந்தது.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. ஈரக் கையால் எலாஸ்டிக் பிடித்தால் வழுக்கும். அதனால் ஒவ்வொரு தடவையும் பிடிப்பதற்கு முன்னால் இரண்டு உள்ளங்கையையும் மார்பில் நன்றாகத் துடைத்துக்கொள்வேன். வியர்வை ஏற ஏற அதிகமாகத் துடைத்தேன்.

பாதி ஆட்டம் முடிந்து இடைவேளை. நாங்கள் முன்னணியில் இருந்தோம். மாமா வேலியைத் தாண்டி ஓடிவந்து, "கெடச்சுப்போச்சு மாப்ளே! கெடச்சுப்போச்சு!" என்று என்னைக் கட்டிக்கொண்டார். கட்டிக்கொண்டு விலகினார். அவருடைய வெள்ளைச் சட்டையில் கழுத்திலிருந்து தொப்பைவரை ஒரு நீலப் பனியன் அச்சாகியிருந்தது.

மாமா தன் சட்டையைப் பார்த்தார். என் மார்பைப் பார்த்தார். தொழில் தெரிந்த மனிதர், விளக்கம் தேவைப்படவில்லை. முகம் வெளுத்துவிட்டது.

"மாப்ளே... அந்த ரோலா?"

"ஆமாங்க மாமா."

"அட கெரகமே. வேற பனியன் இருக்குதா?"

"வெள்ளைதானுங்க இருக்குது. அது அந்தப் பக்கத்துக்காரங்க கலருங்க."

மாமா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு என் காதருகே வந்து, இன்றுவரை எந்த விளையாட்டுப் பயிற்சியாளரும் எந்த வீரனுக்கும் சொல்லியிராத ஒரு யோசனையைச் சொன்னார். "வேர்க்காம ஆடு மாப்ளே."

சித்திரை மாதம் கோயமுத்தூர் சிமென்ட்டில் வியர்க்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டு ஓடிப் பாருங்கள். நினைத்த மாத்திரத்தில் தலையிலிருந்து கால்வரை ஊற்று திறந்துகொள்ளும். இரண்டாம் பாதி தொடங்கி ஐந்து நிமிடத்தில் என் டவுசரும் நீலம், முழங்காலும் நீலம். சாக்ஸில் நீலம் சொட்டுகிறது. கையைத் துடைக்கக்கூடாது என்று எனக்குத் தெரியும். பழக்கதோஷம், துடைத்துக்கொண்டே இருந்தேன். பிடிக்கவும் கூடாது என்று தெரியும். ஆனால் பிடிக்காமல் ஆட எனக்குத் தெரியாதே! பதற்றத்தில் ஆட்களைத்தான் பிடித்தேன், பந்து ஒரே ஒரு தடவை விரலில் பட்டதோடு சரி.

நீளமாக ஒரு விசில் கேட்டது. ஆட்டம் நின்றது.

ஆரோக்கியசாமி சார் ஜெபராஜின் பின்னால் நின்று அவன் முதுகை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவனை மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றினார். வெள்ளைப் பனியனில் இடது இடுப்பில் ஐந்து விரலும் பதிந்த ஒரு நீலக் கை. வலது இடுப்பில் ஒரு கை. தோளில் ஒன்று. முதுகு நடுவில் ஒன்று, அது கொஞ்சம் அவசரமாக வைத்தது. டவுசர் எலாஸ்டிக்கில் பொட்டு வைத்தது மாதிரி இரண்டு விரல். வெள்ளை அணியின் மற்ற நான்கு பேரையும் வரிசையாக நிற்கச் சொன்னார். அவர்கள் மேலும் அங்கங்கே கைகள். நாற்காலிக்காரர்கள் மூன்று பேரும் எழுந்து வெயிலுக்கே வந்துவிட்டார்கள்.

"அப்பமே சொன்னேன்லா சார்!" என்றான் ஜெபராஜ். "புடிக்கான் புடிக்கான்னு தொண்ட கிழியக் கத்துனேன். ஒருத்தரும் கேக்கல. இப்பம் பாருங்க, பயவுள்ள கையெழுத்தே போட்டு வச்சிருக்கான்."

"ஏழாம் நம்பர். இங்க வா தம்பி" என்றார் ஆரோக்கியசாமி சார். போனேன். "கையைக் காட்டு."

காட்டினேன். அந்த மைதானத்தில் நீலமாக இருந்த கைகள் என்னுடையவை மட்டும்தான். அவர் அதோடு விடவில்லை. என் வலது கையைப் பிடித்துக்கொண்டுபோய் ஜெபராஜின் முதுகில் இருந்த அச்சின்மேல் வைத்துப் பார்த்தார். அப்படியே பொருந்தியது. அவ்வளவு நீள விரல் அங்கே வேறு யாருக்கும் இல்லை. என் உயரம் அன்றைக்கும் எனக்கு உதவவில்லை.

பிறகு எண்ணத் தொடங்கினார். ஒவ்வொருவரையும் திருப்பித் திருப்பி நிதானமாக எண்ணினார். "பதினொண்ணு" என்றார். "ஒரு ஆட்டத்துக்கு அஞ்சு ஃபவுல்தான் தம்பி. அஞ்சாச்சுன்னா வெளிய போகணும். நீ அடுத்த மேட்சோடதையும் சேத்து இப்பவே ஆடிட்ட."

ஒரு நாற்காலிக்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் முதுகைத் திருப்பிக்கொண்டார். ஆரோக்கியசாமி சார் பந்தைக் கையில் எடுத்து உருட்டி உருட்டிப் பார்த்தார். இடைவேளைக்குப் பிறகு மாற்றிய புத்தம்புதுப் பந்து. மூவருக்கும் தூக்கிக் காட்டினார். "இதுதான் சார் எனக்கு ஆச்சரியமா இருக்கு. வெள்ளை டீம் பூராவும் நீலமா இருக்கு. பந்துல ஒரே ஒரு விரலு, அவ்வளவுதான். இடைவேளைக்கு அப்புறம் தம்பி தொடாத ஒரே சாமான் பந்துதான்."

மைதானமே சிரித்தது. ஜெபராஜ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான். நான் பூமி பிளந்து என்னை விழுங்க வேண்டும் என்று நினைத்திருக்க வேண்டும். உண்மையில் நடந்தது வேறு. எட்டு வருடமாக விலா எலும்புக்குள் உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று எழுந்து போய்விட்டது. யாராவது பார்த்துவிடுவார்களோ, பார்த்துவிடுவார்களோ என்று ஒவ்வொரு ஆட்டத்திலும் பயந்துகொண்டிருந்தேனே, பார்த்துவிட்டார்கள். முடிந்தது. இனிமேல் பார்க்க எதுவும் இல்லை.

"எல்லாமே என்ற கைதானுங்க சார்" என்றேன். "ஒம்பதாங் கிளாஸ்ல இருந்தே இப்படித்தானுங்க." சொல்லிவிட்டு நானும் சிரித்துவிட்டேன். ஜெபராஜுக்குக் கை கொடுக்கப் போனேன். அவன், "வேண்டாம்லே, தூரப் போ" என்று பின்வாங்கினான்.

நாற்காலிக்காரர்களில் பெரியவர் என் பனியனைக் கிள்ளிப் பார்த்துவிட்டு மாமாவிடம் கேட்டார். "ஏங்க, நீங்க பனியன் ஊர்க்காரங்கதானே? இப்படியா சாயம் போகும்? இத எங்க தெச்சீங்க?"

மார்பில் என் அச்சைச் சுமந்துகொண்டு நின்ற மாமா ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. "கடையில வாங்குனதுங்க" என்றார். "நான் அப்பவே சொன்னனுங்க, கடையில வாங்க வேண்டாம்னு."

கிளம்பும்போது ஆரோக்கியசாமி சார் என்னைக் கூப்பிட்டார். "எந்த ரெஃப்ரி எப்ப எங்க பாப்பான்னு உனக்கு நல்லாத் தெரிஞ்சிருக்கு. என்னையே பாதி ஆட்டம் ஏமாத்திட்ட. ரெஃப்ரி பரிட்சை எழுதிப் பாரேன்" என்றார். கேலி செய்கிறார் என்றுதான் நினைத்தேன்.

பஸ்ஸில் அப்பா பக்கத்தில் உட்கார எனக்குத் தைரியமில்லை. அவரே என்னை இழுத்து உட்கார வைத்தார். பல்லடம் ரோடு திரும்புகிறவரை சட்டைப் பையைத் தடவிக்கொண்டே வந்தார். வீதி முழுக்கக் காட்டிய கடிதம் இன்னும் அவர் சட்டைப் பையில்தான் இருந்தது.

"அந்தத் துணி செக்கிங்ல கழிச்சுப்போட்ட துணின்னு என்றகிட்டச் சொல்லியிருக்கலாமல்லோ?" என்றார் கடைசியில்.

"சொல்லியிருக்கணுமுங்கப்பா."

"ம்." என் பனியனின் தையலை விரலால் தடவிப் பார்த்தார். "நீ கைய வெக்கறது எனக்கு மொதல்லயே தெரியும்டா. ஸ்கூல் மேட்சுலயே பாத்தேன். கட்டிங் டேபிள்ல நிக்கறவன் எல்லாத்துக்கும் முன்னாடி கை எங்க இருக்குதுன்னுதான் பாப்பான். இல்லாட்டி வெரலு போயிரும்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அப்புறம் ஏனுங்கப்பா சொல்லலே?"

"என்னத்தடா சொல்றது? உங்கம்மா பலகை அடிச்சுக் கோப்பையெல்லாம் அடுக்கி வெச்சிருக்கறா" என்றார். பிறகு கடிதத்தை எடுத்து நாலாக மடித்து என் கையில் கொடுத்தார். "இப்பத்தான் எனக்கும் நிம்மதியா இருக்குது. எப்ப மாட்டுவியோன்னு ஒவ்வொரு மேட்சுக்கும் வயித்துல நெருப்பக் கட்டிட்டு நின்னேன்." வேலியோரம் நின்ற அப்பாவின் முகம் ஏன் எப்போதும் அப்படி இருந்தது என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. அவர் தோளில் சாய்ந்து தூங்கிப்போனேன். எழுந்தபோது அவர் சட்டைத் தோளும் நீலம்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா என் மார்பையும் கழுத்தையும் பார்த்து "சிவசிவா!" என்றாள். பயந்தாளா, கும்பிட்டாளா என்று தெரியவில்லை. சிகைக்காய், கடலைமாவு, மண்ணெண்ணெய் எல்லாம் போட்டுத் தேய்த்தும் நீலம் போக ஆறு நாள் ஆயிற்று. மறுநாள் யூனிட்டுக்குப் போனபோது வசந்தா வேலை கிடைத்ததா என்று கேட்கவில்லை. என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள்.

"துவைக்க மாட்டேன்னீங்களே மச்சா" என்றாள். "உங்களையவே தொவச்சுப்போட்டாங்களாட்ட இருக்குது."

அவளைத்தான் இரண்டு வருடம் கழித்துக் கல்யாணம் செய்துகொண்டேன். அவ்வளவு சரியாகச் செக்கிங் பார்க்கிறவளை வெளியே விடக்கூடாது என்று மாமாவும் நினைத்தார், நானும் நினைத்தேன்.

வேலை ஜெபராஜுக்குக் கிடைத்தது. நியாயமாக அவனுக்குத்தான் கிடைக்க வேண்டும். நான் நிஜமாகவே ரெஃப்ரி பரிட்சை எழுதினேன், அதுவும் ஒரே தடவையில் பாஸ். தொண்ணூறுகள் முழுக்க ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மாவட்ட ஆட்டங்களுக்கு விசில் ஊதினேன். எல்லாரும் அண்ணாந்து பந்தைப் பார்க்கும்போது நான் மட்டும் குனிந்து இடுப்புகளைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு தடவை ஜெபராஜின் அலுவலக அணிக்கே ஊத வேண்டி வந்தது. வயதாகி, குதிப்பது குறைந்து, அவனும் ஒரு பையன் இடுப்பில் லேசாகக் கை வைத்தான். ஊதிவிட்டேன். "எப்பிடி அண்ணாச்சி பாத்திய?" என்றான். "பழக்கமுங்க" என்றேன். இருவரும் மைதானத்திலேயே சிரித்தோம். மற்ற நாட்களில் யூனிட்டில் சாயத் துணிகளைச் சோதிப்பது என் பொறுப்பாகிவிட்டது. சுடுதண்ணீர்ச் சோதனையோடு நிறுத்தமாட்டேன். அடர்நிறம் எது வந்தாலும் அதில் ஒரு பனியன் தைத்துப் போட்டுக்கொண்டு வெயிலில் நாலு சுற்று ஓடிவிட்டு, மாமாவின் வெள்ளைச் சட்டைமேல் சாய்ந்து பார்ப்பேன். கறை படவில்லை என்றால்தான் லாரி கிளம்பும்.

எங்கள் வீட்டில் மட்டும் அந்த ஆட்டம் இன்னும் முடியவில்லை. எது காணாமல் போனாலும், எது உடைந்தாலும், வசந்தா சமையலறையிலிருந்து வந்து, "எல்லாரும் கையைக் காட்டுங்க" என்பாள். பெரியவர் சின்னவர் எல்லாரும் வரிசையாக நின்று கையை நீட்ட வேண்டும். கல்யாணமான புதிதில் எங்கள் மகளைக் கட்டிய மாப்பிள்ளை இதைப் பார்த்து அரண்டு போய்விட்டார். அவருக்கு முதல் பந்தியிலேயே கதை சொல்லப்பட்டது. தலைவாழை இலையில் வைத்த இனிப்பைக்கூடத் தொடாமல் சிரித்தார்.

போன தீபாவளிக்கு வசந்தா மைசூர்பாகு செய்து டப்பாவில் மூடி, பரண் மேல் வைத்திருந்தாள். எனக்குச் சர்க்கரை என்று டாக்டர் சொன்ன பிறகு வீட்டில் இனிப்பெல்லாம் பரணுக்குப் போய்விட்டது. பரண் உயரத்துக்குக் கை எட்டுகிறவன் அந்த வீட்டில் ஒருவன்தான் என்பது அவளுக்கு எப்படி மறந்ததோ. மத்தியானம் டப்பாவை இறக்கச் சொல்லித் திறந்து பார்த்தாள். மகள் வயிற்றுப் பேத்தி, நாலு வயது, யாரும் சொல்லாமலே நேராக என்னிடம் வந்து நின்றாள்.

"அப்புச்சி, கையக் காட்டுங்க."

காட்டினேன். பேத்தி மோந்து பார்த்துவிட்டு, "நெய்யி!" என்று தீர்ப்புச் சொன்னாள். வசந்தா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்தாள்.

"எத்தனைங்க?"

"அஞ்சுதான்."

"டப்பாவுல ஏழு கொறையுதுங்களே."

ஒளிப்பதற்கு ஒன்றும் இல்லாதவன் சிரிக்கிற சிரிப்பு தனி. அந்த வெயிலில் சிரித்த அதே சிரிப்பைத்தான் அன்றைக்கும் சிரித்தேன்.

"ரெண்டு அடுத்த மேட்சோடது" என்றேன்.